கழுத்தின் முதல் எலும்பும் ஒரு குத்தகைக் கணக்கும்

முடி வெட்டி முடித்ததும் சலூனில் ஒரு இலவச இணைப்பு உண்டு. தலையில் நாலு தட்டு, தோளில் இரண்டு பிடி, அப்புறம் ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில். நாம் 'வேண்டாம்ணே' என்று சொல்வதற்குள் வலப்பக்கம் ஒரு வெட்டு, இடப்பக்கம் ஒரு வெட்டு. 'டக்... டக்...' முடிந்தது. திருவாடானை, தொண்டி, தேவகோட்டை என்று எங்கே போனாலும் இதே கதைதான்.

இப்போது இதே வேலையை வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் யூடியூபில் செய்கிறார்கள். மைக்கை கழுத்துப் பக்கத்தில் வைத்து அந்த 'டக்'கை நமக்குக் கேட்க வைக்கிறார்கள். இதன் பெயர் கைரோப்ராக்டிக். "கழுத்தின் முதல் எலும்பு இடம் மாறி இருக்கிறது, அதைச் சரியாக உட்கார வைத்தால் தலைவலி, தலைசுற்றல், ரத்தக்கொதிப்பு எல்லாம் போகும்" என்று விளக்கம் வேறு. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் திருகிப் பார்க்கிறார்கள். எலும்பு இடம் மாறுகிறது, அதற்கு வகை இருக்கிறது, வகைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். பி.காம். படிக்கிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். போன பிறகுதான் தெரிந்தது, கதையில் பாதி எங்கள் பாடம்.

முதலில் எலும்பைப் பார்த்துவிடுவோம். கழுத்தில் ஏழு எலும்புகள். மேலிருந்து முதல் எலும்பின் பெயர் அட்லஸ். கிரேக்கக் கதையில் வானத்தைத் தோளில் தாங்குகிறவன் அவன். (நம்மவர்கள் பெயர் வைத்திருந்தால் ஆதிசேஷன் என்று வைத்திருப்பார்கள்.) மற்ற முதுகெலும்புகளைப் போல இதற்குக் கட்டையான உடல்பகுதி கிடையாது, ஒரு வளையம் மட்டும்தான். நாலைந்து கிலோ மண்டை அந்த வளையத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது எலும்பு ஆக்சிஸ், அதாவது அச்சு. அதிலிருந்து பல் மாதிரி ஒரு முளை மேலே கிளம்பி வளையத்துக்குள் நிற்கும், திருகைக் கல்லின் நடுமுளை போல. 'ஆமாம்' என்று தலையை ஆட்டுவது பெரும்பாலும் மண்டைக்கும் அட்லஸுக்கும் நடுவில். 'இல்லை' என்று ஆட்டுவது அட்லஸுக்கும் ஆக்சிஸுக்கும் நடுவில். கழுத்து மொத்தமாகத் திரும்புவதில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒரே மூட்டில்தான். ஆமாமுக்கும் இல்லைக்கும் நடுவில் நம்மவர்கள் ஒரு ஆட்டு ஆட்டுவோமே, அதற்கு எந்த மூட்டு என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை :)

இந்த வளையத்துக்குள் தண்டுவடம் போகிறது. இரு பக்கத்து ஓட்டைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு போகும் தமனிகள் போகின்றன. அட்லஸைத் தாண்டியதும் அந்தத் தமனி நேராக மேலே ஏறாது, எலும்பின் மேல் ஒரு வளைவு போட்டுத்தான் மண்டைக்குள் நுழையும். இந்த வளைவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கையால் எலும்பை, மூட்டை, சதையைச் சரி செய்வது அமெரிக்கா கண்டுபிடித்த விஷயம் இல்லை. நம் பக்கம் கழுத்துப் பிடித்துக்கொண்டால் சுளுக்கு வழிக்க ஆள் தேடுவோம். காலால் பிறந்தவர்கள், இரட்டையராகப் பிறந்தவர்கள் நீவினால் சுளுக்கு ஓடிவிடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தனியாகவே ஒரு முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. இங்கிலாந்திலும் கிராமத்துக்குக் கிராமம் எலும்பு கட்டுகிறவர்கள் இருந்தார்கள். 1867ல் ஜேம்ஸ் பேஜட் என்ற பெரிய அறுவை மருத்துவர், இவர்களிடம் போய் குணமாகிறவர்களும் இருக்கிறார்கள், நாம் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ மாணவர்களுக்கே பாடம் எடுத்திருக்கிறார்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வர்மம்தான். கன்னியாகுமரிப் பக்கம் ஆசான்கள் வழியாக வந்த கலை. 108 வர்மங்கள், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது பரவலான கணக்கு. கழுத்தின் பின்பக்கத்துக்கு பிடரி வர்மம் என்று தனிப் பெயரே உண்டு. வர்மக் கலையின் பார்வையில் அது அடிபட்டால் ஆபத்தான இடம். அங்கே கை வைக்கத் தகுதியான சீடனுக்குத்தான் சொல்லித்தருவார்கள். வர்மத்தின் விளக்கங்கள் எல்லாமே அறிவியலுக்குப் பொருந்துமா என்பது வேறு பேச்சு. ஆனால் பிடரி என்றால் பயந்து தொடு என்கிற ஒரு எச்சரிக்கை அதில் இருந்தது. சலூன் திருகலில் அந்த எச்சரிக்கை மட்டும் காணாமல் போய்விட்டது.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம்.

டேனியல் டேவிட் பாமர் கனடாவில் 1845ல் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார், தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை, தங்கமீன் விற்பனை என்று பல தொழில் பார்த்துவிட்டு, அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் 'காந்த வைத்தியம்' செய்துகொண்டிருந்தார். காந்தம் என்றால் இரும்புக் காந்தம் இல்லை, கையால் தடவிக் கொடுப்பது. அவர் இருந்த கட்டடத்தில் ஹார்வி லில்லர்ட் என்ற கறுப்பினத் தொழிலாளி துப்புரவு வேலை பார்த்தார். பல வருடமாகக் காது சரியாகக் கேட்காதவர். 1895 செப்டம்பர் 18 அன்று அவர் முதுகில் துருத்திக்கொண்டிருந்த ஓர் எலும்பைத் தள்ளி விட்டதும் காது கேட்டது என்பது பாமர் சொன்ன கதை. லில்லர்டின் மகள் பிற்காலத்தில் சொன்னது வேறு: பேச்சுவாக்கில் பாமர் முதுகில் புத்தகத்தால் தட்டினாராம், அதிலிருந்துதான் ஆரம்பமாம். எது எப்படியோ, காது நரம்பு மண்டைக்குள்ளேயே மூளைக்குப் போய்விடுகிறது, முதுகெலும்புப் பக்கம் வருவதே இல்லை. இதை எந்த உயிரியல் மாணவரும் சொல்வார்.

ஆனால் பாமர் அதிலிருந்து ஒரு பெரிய கொள்கையே கட்டினார். நோய்களில் பெரும்பாலானவை எலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதால் வருகின்றன. அந்தப் பிசகலுக்கு சப்லக்சேஷன் என்று பெயர். கிரேக்க மொழியில் 'கை', 'செயல்' என்ற இரு சொற்களைச் சேர்த்து வைத்தியத்துக்குப் பெயர் வைத்துக் கொடுத்தவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு பாதிரியார். 1897ல் பள்ளி திறந்தார். 1906ல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததற்கு அவருக்கு அபராதம் போட்டார்கள். கட்ட மாட்டேன் என்று ஜெயிலுக்குப் போனார், சில வாரத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். அதே வருடம் பள்ளி மகன் கைக்குப் போனது. அப்பாவுக்கு மகன் கொடுத்த தொகை சுமார் 2,200 டாலர். இந்த எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் பார்ட்லெட் ஜோஷுவா பாமர். எல்லோரும் பி.ஜே. என்றே அழைத்தார்கள். என் கணிப்பில் வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் அப்பா, அதைத் தொழிலாக்கியவர் மகன். 1910லேயே பள்ளிக்கு எக்ஸ்ரே கருவி வாங்கினார். 1922ல் ஒரு வானொலி நிலையத்தையே வாங்கினார். (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன் அறிவிப்பாளராகத் தொழில் தொடங்கியது அந்த நிலையத்தில்தான்.) முதல் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

1924ல்தான் எங்கள் பாடம் ஆரம்பிக்கிறது. டோசா எவின்ஸ் என்ற பொறியாளர், கைரோப்ராக்டிக் படிக்க வந்தவர், ஒரு கருவி செய்தார். பெயர் நியூரோகலோமீட்டர். முதுகெலும்பின் இரு பக்கமும் தோலின் வெப்பத்தை அளந்து, வித்தியாசம் இருந்தால் முள் ஆடும். வெப்ப வித்தியாசம் இருக்கும் இடத்தில் நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறது என்பது பி.ஜே.யின் வாதம். அந்த ஆகஸ்ட் மாதக் கூட்டத்தில் அவர் அறிவித்தது என்ன தெரியுமா? இந்தக் கருவி இல்லாமல் யாரும் சரியாக வைத்தியம் பார்க்க முடியாது. கருவியை விற்க மாட்டோம், குத்தகைக்குத்தான் தருவோம். குத்தகைத் தொகை 2,200 டாலர் வரை போனது. அப்போது ஃபோர்டு மாடல் டி கார் ஒன்று, சாதாரண வகை, 300 டாலருக்குள் கிடைத்தது. ஏழு கார் விலைக்கு ஒரு வெப்பமானி! பள்ளிக்கூடத்துக்காக அப்பாவுக்குக் கொடுத்த தொகையும் ஒரே ஒரு கருவிக்கு வசூலித்த தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

விற்றால் ஒரு தடவைதான் காசு. பொருளும் கையை விட்டுப் போய்விடும். குத்தகை என்றால் உடைமை நம்மிடமே, யார் வைத்திருக்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம் என்கிற பிடியும் நம்மிடமே. 35 வருடம் கழித்து ஜெராக்ஸ் நிறுவனம் தன் 914 இயந்திரத்தை விற்பதற்குப் பதிலாக வாடகைக்கு விட்டு உலகத்தையே பிடித்ததும் இதே கணக்கில்தான். ஆனால் ஜெராக்ஸ் இயந்திரம் நகல் எடுத்தது. இது எடுத்தது என்ன என்பதுதான் பிரச்சினை. கைரோப்ராக்டர்களே கொதித்துவிட்டார்கள். பள்ளியில் சேர்க்கை சரிந்தது. மூத்த ஆசிரியர்கள் சிலர் வெளியேறி 1926ல் இண்டியானாபோலிஸில் லிங்கன் காலேஜ் என்று போட்டிக் கல்லூரி தொடங்கினார்கள்.

பி.ஜே. இறங்கி வரவில்லை. நேர் எதிராக, முதுகு முழுவதையும் விட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் அவர் சொன்னது: உண்மையான பிசகல் அட்லஸிலும் ஆக்சிஸிலும் மட்டும்தான் நடக்க முடியும், அங்கே சரி செய்தால் கீழே எல்லாம் தானாகச் சரியாகும். இந்த முறைக்கு கோல்ஃப் ஆட்டத்திலிருந்து பெயர் எடுத்தார், 'ஹோல் இன் ஒன்', ஒரே அடியில் பந்து குழிக்குள். 1934ல் இதற்கென்றே ஒரு தடிமனான புத்தகம், 1935ல் ஆராய்ச்சி மருத்துவமனை.

கழுத்துப் பிசகலின் 'வகைகள்' இங்கேதான் பிறக்கின்றன. இரண்டு விதமான வகைகள். ஒன்று எக்ஸ்ரேயில் பார்த்துப் போடும் எழுத்துக் குறியீடு. முதல் எழுத்து எப்போதும் 'ஏ', அதாவது முன்பக்கம். பின்பக்கம் போக முடியாது, வளையத்தின் முன்பாதி அச்சு முளையில் முட்டிக்கொள்ளும் என்பது காரணம். அடுத்து மேலே என்றால் 'எஸ்', கீழே என்றால் 'ஐ'. அடுத்து வலம் என்றால் 'ஆர்', இடம் என்றால் 'எல்'. கடைசியில் அந்தப் பக்கம் முன்னே திரும்பியிருந்தால் 'ஏ', பின்னே திரும்பியிருந்தால் 'பி'. ஏ-எஸ்-ஆர்-பி, ஏ-ஐ-எல்-ஏ என்று நாலெழுத்தில் எட்டு வகை வரும். லெட்ஜரில் கணக்குத் தலைப்புக்கு எண் கொடுப்பது போலத்தான். எந்த வகையோ அதற்கு எதிர்த்திசையில் தள்ள வேண்டும்.

இன்னொன்று வெப்பத்தின் வகை. ஒரே ஆளைப் பல நாள் அளக்க வேண்டும். வெப்பக் கோடு ஒவ்வொரு நாளும் மாறினால் உடம்பு சூழ்நிலைக்கு ஏற்ப ஓடிக்கொண்டிருக்கிறது, தொடாதே. அதே கோடு திரும்பத் திரும்ப வந்தால் எங்கோ மாட்டியிருக்கிறது, அப்போது மட்டும் தள்ளு. இதில் ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். வருகிறவர் கழுத்தையெல்லாம் திருகு என்று பி.ஜே. சொல்லவில்லை. அளந்து பார், தேவை இல்லையென்றால் திருப்பி அனுப்பு என்றுதான் சொன்னார். பின்னால் அவர் வழியில் வந்த சில பள்ளிகள், 1966ல் மிச்சிகனில் ரால்ஃப் கிரெகரி தொடங்கிய நியூக்கா உட்பட, கழுத்தைத் திருகுவதையே விட்டுவிட்டு லேசாக அழுத்துவதோடு நிறுத்திக்கொண்டன. நாம் பார்க்கிற யூடியூப் 'டக்' இந்த வகையைச் சேர்ந்தது இல்லை.

இப்போது முக்கியமான கேள்வி. இந்த வகைகள் உண்மையிலேயே கழுத்தில் இருக்கின்றனவா, எக்ஸ்ரேயில் கோடு போடுகிறவர் பேனாவில் இருக்கின்றனவா?

அட்லஸ் இடம் மாறுவது என்பது மருத்துவத்தில் உண்மையாகவே உண்டு. முடக்குவாதம் முற்றினால் அச்சு முளையைப் பிடித்திருக்கும் தசைநார் நைந்து வளையம் முன்னால் நகரும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிடம் இது வரலாம். பனையிலிருந்து விழுந்தால், பைக் விபத்தில் சிக்கினால் வரலாம். எக்ஸ்ரேயில் முளைக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவர் கவலைப்படுவார். அப்படிப்பட்ட கழுத்தைத் திருகவே கூடாது, திருகினால் தண்டுவடம் நசுங்கும். ஆக, எலும்பு நிஜமாகவே இடம் மாறியிருக்கிறவர்தான் இந்தத் திருகலுக்குக் கொஞ்சமும் ஆகாதவர். இந்த முரண்பாட்டைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மற்றபடி நம் எல்லோர் கழுத்திலும் வலமும் இடமும் அச்சடித்தது போல இருக்காது. முகமே அப்படி இல்லையே. ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு நோயின் பெயர் கொடுக்க ஆதாரம் வேண்டும். ஆதாரம் தேடியவர்கள் இருக்கிறார்கள். 2007ல் சிகாகோவில் ரத்தக்கொதிப்பு உள்ள 50 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நியூக்கா முறையில் அட்லஸைச் சரி செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் மேல் அழுத்தம் சராசரியாக 17 புள்ளி குறைந்தது, மற்றவர்களுக்கு 3 மட்டும். இன்றைக்கும் விளம்பரங்களில் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் 50 பேர், எட்டு வாரம். இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட முடியாது. 2010ல் பிரிட்டனில் கைரோப்ராக்டர்களுக்குப் பதிவு கொடுக்கும் சட்டபூர்வ கவுன்சிலே, சப்லக்சேஷன் என்பது ஒரு வரலாற்றுக் கருத்து, அதனால் நோய் வருகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வு ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது. கீழ்முதுகு வலிக்கு இவர்கள் செய்யும் கைவேலை ஓரளவு உதவுகிறது என்பது வேறு விஷயம், அதை மறுப்பதற்கில்லை.

வணிகவியல்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல். அமெரிக்க மருத்துவ சங்கம் பல வருடம் தன் உறுப்பினர்கள் கைரோப்ராக்டர்களோடு சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. 1976ல் நாலைந்து கைரோப்ராக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 1987ல் நீதிபதி சூசன் கெட்சன்டானர், அது போட்டியை ஒழிக்கும் சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று தீர்ப்பளித்தார். நம் 2002ம் வருடப் போட்டிச் சட்டம் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் இந்தத் தீர்ப்பையே 'எங்கள் வைத்தியம் உண்மை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது' என்று காட்டுகிறவர்கள் உண்டு. அந்த வழக்கின் கேள்வி வியாபாரத்தைத் தடுத்தார்களா என்பதுதான், வைத்தியம் பலிக்குமா என்பது இல்லை.

அந்த 'டக்' சத்தம்? எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் உள்ள திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாகிறது. 2015ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் விரல் நெட்டி முறிவதை எம்.ஆர்.ஐ.யில் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். பாட்டி திருஷ்டி கழித்து நெற்றிப்பொட்டில் விரலை மடக்குவாரே, நெட்டி பலமாக முறிந்தால் 'எம்புட்டுக் கண்ணு பட்டிருக்கு பாரு' என்பாரே, அதே விரல், அதே சத்தம். கழுத்தில் சத்தம் பலமாக வந்தால் பெரிய பிசகல் சரியானது என்று நினைப்பதும் அதே கணக்கு. பாட்டி கழுத்தைத் தொடவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இனி அந்தத் தமனி வளைவு. தலையைச் சட்டென்று திருப்பும்போது அந்த இடத்தில் தமனி இழுபடுகிறது. அபூர்வமாக அதன் உள்சுவர் கிழியும். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, துண்டு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இளவயதுக்காரர்களுக்கு வரும் பக்கவாதத்துக்கு முக்கியக் காரணங்களில் கழுத்துத் தமனிக் கிழிசலும் ஒன்று. கழுத்துத் திருகல்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2008ல் வெளிவந்த ஒண்டாரியோ ஆய்வு, இந்த வகைப் பக்கவாதம் வந்த 818 பேரைப் பார்த்தது. கைரோப்ராக்டரிடம் போனவர்களைப் போலவே சாதாரண டாக்டரிடம் போனவர்களுக்கும் தொடர்பு இருந்தது. அதாவது தமனி ஏற்கெனவே கிழிந்து, அந்தக் கழுத்து வலிக்காகத்தான் அவர்கள் போயிருக்கலாம். அமெரிக்க இதய சங்கம் 2014ல் எல்லா ஆய்வுகளையும் பார்த்துவிட்டுச் சொன்னது, தொடர்பு இருக்கிறது, காரணம் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் திருகுவதற்கு முன் இந்த ஆபத்தைச் சொல்லிவிட வேண்டும். சலூனில் யார் சொல்லப் போகிறார்கள்?

நம் நாட்டில் நடந்ததும் உண்டு. 2017ல் டெல்லிப் பக்கம் 54 வயதுக்காரர் ஒருவருக்கு சலூன் மசாஜும் கழுத்துத் திருகலும் முடிந்த பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கழுத்திலிருந்து உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு பழுதாகியிருந்தது. 2024ல் கர்நாடகாவின் பெல்லாரியில் 30 வயது இளைஞர் முடி வெட்டிய பிறகு கழுத்தைத் திருப்பி விட்டதில் தமனி கிழிந்து பக்கவாதம் வந்தது என்று பத்திரிகைகளில் வந்தது. பெங்களூரில் சிகிச்சை பெற்றுத் தேறினார். பார்லரில் தலை அலசப் பேசினில் கழுத்தைப் பின்னால் மடக்கி வைப்பதாலும் வருகிறது என்று 1993லேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

நாள் முழுவதும் நம் ஊர்ச் சலூன்களில் எத்தனை கழுத்து திரும்புகிறது, எல்லோருக்கும் ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நாற்காலியில் உட்காரும்போதே 'கழுத்து வேண்டாம்ணே' என்று சொல்லிவிட முடியும். நான் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டது இல்லை.

சலூனோ, பைக்கில் போன பள்ளமோ, எதனால் என்றாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை வராத மாதிரி பிடரியில் ஒரு பக்கமாக வலி, கூடவே தலைசுற்றல், ஒன்று இரண்டாகத் தெரிவது, நாக்குக் குழறல், நடக்கும்போது ஒரு பக்கம் தள்ளுவது. இது வந்தால் சுளுக்கு வழிக்க ஆள் தேடாதீர்கள், தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன் போட்டு, வலியும் தள்ளாட்டமும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று அவர்களிடம் சொல்லுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் போடவும் முடியாது. திருவாடானையிலிருந்து அந்த வசதி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் நேரமும் அந்த நாலரை மணிக்குள்தான் அடக்கம்.